மின்சார காரா, ஹைப்ரிட்டா, பெட்ரோலா: வண்டி நிற்கும் இடமே முதல் கேள்வி

புதிய கார் வாங்க நினைப்பவர் முன் இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: வழக்கமான பெட்ரோல் கார், பெட்ரோல் இன்ஜினோடு ஒரு சிறு பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட், முழுக்க முழுக்கப் பேட்டரியில் ஓடும் மின்சார கார். இவற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அன்றாடம் வண்டி ஓட்டுபவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி, இரவில் வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இருக்கிறதா என்பதே. இருக்கிறது என்றால் கணக்கு ஒரு விதமாகவும், இல்லை என்றால் முற்றிலும் வேறு விதமாகவும் போகிறது. செலவு, நேரம், நிம்மதி மூன்றும் இந்த ஒரு பதிலைப் பொறுத்தே அமைகின்றன.

முதலில் ஓட்டச் செலவைப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஆனால் பெட்ரோல் இன்ஜின் அதில் சுமார் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகிறது. மின்சார கார் பேட்டரியிலிருந்து எடுப்பதில் 80 சதவீதத்துக்கும் மேல் சக்கரத்துக்குத் தருவதோடு, வேகத்தைக் குறைக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பவும் செய்கிறது. நடுத்தர அளவுள்ள மின்சார கார் 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 15 யூனிட் தேவை. சார்ஜ் ஏறும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் 17 யூனிட் ஓடியிருக்கும். அதே அளவுள்ள பெட்ரோல் காருக்கு அந்தத் தூரத்துக்கு ஆறரை லிட்டரும், ஹைப்ரிட்டுக்கு நாலரை லிட்டரும் என்று வைத்துக்கொண்டால், யாரும் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கக்கூடிய ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது.

இந்த 17 யூனிட்டை அந்த லிட்டர் அளவுகளால் வகுத்தால், பெட்ரோல் காரோடு ஒப்பிடும்போது ஒரு லிட்டருக்கு ஈடு 2.6 யூனிட், ஹைப்ரிட்டோடு ஒப்பிட்டால் 3.8 யூனிட். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையைப் போல் 2.6 மடங்குக்கு மேல் இருந்தால் மின்சார கார் பெட்ரோல் காரை வெல்லும், 3.8 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ஹைப்ரிட்டையும் வெல்லும். வீட்டு மின் கட்டணத்தில் இந்த இரண்டு வரம்புகளையும் தாண்டுவது பெரும்பாலும் எளிது. பொது இடங்களில் உள்ள அதிவேக சார்ஜர்களிலோ ஒரு யூனிட்டின் விலை வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு இருப்பது பல நாடுகளில் வழக்கம். அங்கே மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டிய நிலையில் இருப்பவர், பெட்ரோல் காரைவிடச் சற்று மிச்சம் பிடித்தாலும், ஹைப்ரிட்டோடு போட்டியிட முடியாமல் போகலாம். மின்சார கார் என்றாலே ஓட்டச் செலவு குறைவு என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உள்ளவருக்கோ, அன்றாடப் பயன்பாடு பற்றிய பயம் பெரும்பகுதி தேவையற்றது. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுபவர் ஈடுகட்ட வேண்டியது ஏழு யூனிட்டுக்கும் குறைவு, 2.3 கிலோவாட் தரும் சாதாரண பிளக்கிலேயே மூன்று மணி நேரத்தில் அது ஏறிவிடும். சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜர் இருந்தால் ஒரு மணி நேரமே போதும். ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஹீட்டரோ இஸ்திரிப் பெட்டியோ சற்று நேரம் முழு மின்சாரத்தை இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கார் இரவு முழுவதும் விடாமல் இழுக்கும். பழைய வயரிங்கும் தளர்ந்த பிளக் முனைகளும் அதைத் தாங்காமல் சூடேறி உருகுவதுண்டு. எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் செய்யும் பேச்சுக்கே இடம் தரக் கூடாது. தனி லைன், சரியான எர்த், தகுந்த பிரேக்கர் ஆகிய மூன்றையும் எலக்ட்ரீஷியனை வைத்து உறுதி செய்துகொண்டு, அந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நீண்ட பயணத்தில் நிலைமை வேறு. அதிவேக சார்ஜரில் வண்டியை இணைத்துவிட்டுத் திரையைக் கவனித்தால், பேட்டரி 10 சதவீதத்தில் இருக்கும்போது 100 கிலோவாட்டைத் தாண்டி நிற்கும் எண், பாதிக்கு மேல் ஏறியதும் படிப்படியாக இறங்கத் தொடங்கி, 80 சதவீதத்தைக் கடந்தபின் 40, 30 என்று சுருங்கிவிடுவதைக் காணலாம். இது சார்ஜரின் கோளாறு அல்ல. செல்கள் நிறையும் நேரத்தில் அதே வேகத்தில் மின்சாரத்தைத் திணித்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெட்டுவிடும் என்பதால் வண்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கடைசி 20 சதவீதத்துக்குக் காத்திருக்கும் நேரம், அதற்கு முந்தைய 70 சதவீதத்துக்கு ஆன நேரத்தையே எட்டிவிடக்கூடும். எனவே நெடும்பயணத்தில் 80 சதவீதத்தோடு கிளம்பிவிடுவதே புத்திசாலித்தனம். அப்படிக் கிளம்பினால் நிறுத்தம் ஒவ்வொன்றும் 20 முதல் 40 நிமிடங்களில் முடியும். ஐந்து நிமிடத்தில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகும் பெட்ரோல், ஹைப்ரிட் கார்களுக்கு இதில் மறுக்க முடியாத சாதகம் இருக்கிறது. வாரந்தோறும் நெடுந்தூரம் போய் வரும் விற்பனைப் பிரதிநிதிக்கு இது பெரிய விஷயம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் தூரப் பயணம் போகும் குடும்பத்துக்கு அவ்வளவு இல்லை.

ரேஞ்ச், அதாவது ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தால் ஓடும் என்று நிறுவனம் அறிவிக்கும் தூரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 120-க்கு மாறினால் அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட 1.8 மடங்காகிவிடும். பெட்ரோல் காருக்கும் இது பொருந்தும். ஆனால் அங்கே இழப்பு பம்ப்பில் பணமாகப் போகிறது, இங்கே நடுவழியில் நேரமாகப் போகிறது. கடுங்குளிரில் ரேஞ்ச் ஐந்தில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ குறையலாம். இன்ஜினின் வீண் வெப்பத்தில் உட்புறத்தைச் சூடேற்றும் வாய்ப்பு மின்சார காரில் இல்லை. ஆயினும் குளிர் ஒரு முட்டுக்கட்டை அல்ல என்பதற்கு நார்வே சாட்சி. 2024-இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பதுக்குச் சற்றே குறைவானவை முழு மின்சார கார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்த வரிச் சலுகையும் வீட்டிலேயே சார்ஜ் செய்யும் வசதியும் இதில் பெரும்பங்கு வகித்தன.

அடுத்தது வாங்கும் விலை. 2010-இல் ஒரு கிலோவாட்-மணி, அதாவது ஒரு யூனிட், மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியின் சராசரி விலை ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தது, புளூம்பெர்க் என்.இ.எஃப் என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கில் அது 115 டாலர். இந்த வீழ்ச்சியால்தான் சாதாரண மக்களுக்கும் இது பேசக்கூடிய விஷயமாகியிருக்கிறது. அப்படியிருந்தும் பல சந்தைகளில் மின்சார காரின் விலை அதே தரமுள்ள பெட்ரோல் காரைவிட அதிகமாகவே இருக்கிறது. கூடுதல் பணம் முதல் நாளே கையை விட்டுப் போகிறது. மிச்சமோ மாதாமாதம் சிறுகச் சிறுகத்தான் வருகிறது. ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் பெட்ரோல் காரில் 1,300 லிட்டர் எரிப்பார். அவருக்கு மின்சார காரில் 3,400 யூனிட் செலவாகும். 6,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இவை 390 லிட்டரும் 1,020 யூனிட்டும்தான். இந்த இரண்டு செலவுகளின் வித்தியாசத்தால் கார்களின் விலை வித்தியாசத்தை வகுத்தால், போட்ட முதல் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். கடனில் வாங்குபவர் வட்டியையும், பல இடங்களில் சற்று கூடுதலாக வரும் காப்பீட்டுத் தொகையையும் இதில் சேர்க்க வேண்டும். குறைவாக ஓட்டுபவருக்குச் சிறிய பெட்ரோல் காரே இன்னமும் சிக்கனமானது என்று இந்தக் கணக்கு காட்டினால், அதை ஏற்றுக்கொள்வதில் தவறே இல்லை.

பராமரிப்பில் மின்சார கார் தெளிவாக முந்துகிறது: ஆயில் மாற்றம், ஸ்பார்க் பிளக், கிளட்ச், சைலன்சர் எதுவும் கிடையாது; பிரேக் பேடும் நீண்ட நாள் உழைக்கும். எடை கூடுதல் என்பதால் டயர் மட்டும் சீக்கிரம் தேயும்.

பிளக்கில் சார்ஜ் செய்யக்கூடிய பிளக்-இன் ஹைப்ரிட், இரு உலகின் நன்மையும் ஒன்றில் கிடைப்பது போல் தோன்றும். நாள்தோறும் தவறாமல் சார்ஜ் செய்பவருக்கு அது உண்மையும்கூட. ஆனால் 2024-இல் ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆய்வு, சாலையில் ஓடும் இவ்வகை கார்களின் கரியமில வாயு வெளியேற்றம், சோதனைக்கூட அளவைப் போல் சராசரியாக மூன்றரை மடங்கு இருப்பதாகக் கண்டறிந்தது. வாங்கியவர்களில் பலர் சார்ஜ் செய்யாமல் பெட்ரோலிலேயே ஓட்டியதுதான் முக்கியக் காரணம். பிளக் இல்லாதவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. கனமான பேட்டரியை வீணாகச் சுமந்து திரிவதைவிடச் சாதாரண ஹைப்ரிட் மேல்.

வீட்டில் பிளக் உண்டு, புதிய காரின் விலைதான் எட்டவில்லை என்பவருக்கு மூன்று, நான்கு ஆண்டு ஓடிய மின்சார காரே மிகச் சிறந்த தேர்வு என்பது என் உறுதியான எண்ணம். மின்சார கார்களின் மறுவிற்பனை விலை வேகமாகச் சரிவது முதல் உரிமையாளருக்கு நஷ்டம், இரண்டாமவருக்கு லாபம். பேட்டரி ஓரிரு ஆண்டில் செத்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. இழப்பு சராசரியாக ஆண்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்ற வாரண்டியைப் பல நிறுவனங்கள் தருகின்றன. வாங்குமுன் அந்த வாரண்டி இரண்டாம் உரிமையாளருக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேட்டரியின் மிச்சத் திறனைக் காட்டும் சோதனை அறிக்கை இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். எல்.எஃப்.பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைப் பேட்டரி என்றால் கூடுதல் நல்லது: அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் அது தாங்கும், மற்ற வகைகளைப் போல், ஆயுளைக் காக்க தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்த வேண்டிய கவலையும் பெரும்பாலும் இல்லை. கடைசியாக, வண்டியின் சார்ஜிங் சாக்கெட் உங்கள் பகுதியிலுள்ள சார்ஜர்களுக்குப் பொருந்துகிறதா என்பதை நேரில் ஒருமுறை இணைத்துப் பார்த்துவிடுங்கள்; சாடெமோ போன்ற பழைய வகை சாக்கெட் உள்ள வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதற்கான சார்ஜர்கள் பல நாடுகளில் அருகிக்கொண்டே வருகின்றன.