ஏழு கொப்பி மழை: ஒரு வெள்ளவத்தை மொட்டை மாடிக் கணக்கு

நாள்தோறும் மழையை அளந்து கொப்பியில் எழுதுவது 2019 மே மாதம் தொடங்கிய பழக்கம். வருடத்துக்கு ஒரு சீ.ஆர். கொப்பி, இப்போது ஏழாவது கொப்பி ஓடுகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஐந்து மாடித் தொடர்மாடியில் இருக்கிறோம். மொட்டை மாடியில் ஒரு மழைமானி, ஒரு வெப்பமானி, அமுக்கம் பார்க்கக் கையில் ஒரு போன். இதுதான் எங்கள் முழு வானிலை நிலையமும். நாங்களும் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இத்தனை வருடத்தில் எது உழைத்தது, எது காலை வாரியது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் மழைமானி. டொரொன்டோவிலிருந்து மச்சாள் கொண்டுவந்து தந்தது. பிளாஸ்டிக், நான்கு அங்குல வாய், மேலே புனல், உள்ளே ஒடுங்கிய குழாய். குழாய் ஒடுக்கம் என்பதால் ஒரு மில்லிமீற்றர் மழை அதற்குள் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கும். கண்ணாடி போடாமலே அம்மா வாசிப்பார். குழாய் 25 மில்லிமீற்றர் கொள்ளும். அதற்கு மேல் பெய்தால் வழிந்து வெளி உருளைக்குள் சேரும், அதை மறுபடி குழாயில் ஊற்றி ஊற்றி அளந்து கூட்ட வேண்டும். எல்லாமாக 280 மில்லிமீற்றர் வரை பிடிக்கும். கொழும்புக்கு இது போதுமா என்றால், அநேகமாகப் போதும். ஆனால் 1992 ஜூன் 4 அன்று கொழும்பில் 24 மணித்தியாலத்தில் பெய்தது 493.7 மில்லிமீற்றர். அப்படி ஒரு நாள் திரும்பி வந்தால் நடுச்சாமத்தில் மேலே ஏறி ஒரு தடவை வெறுமையாக்கத்தான் வேண்டும். அதற்காக ஒரு டோர்ச்சும் குடையும் படிக்கட்டு மூலையில் தயாராக இருக்கின்றன.

வைத்த இடம்தான் முதல் ஐந்து மாதத்தையும் கெடுத்தது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், காற்றில் சாயாது என்று நினைத்துக் கட்டினேன். தாங்கி மேற்குப் பக்கம். தென்மேற்குப் பருவ மழை கடலிலிருந்து சரிந்து வருவது. தாங்கி அதைப் பாதி மறைத்துவிட்டது. மாடித் தரை முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, குழாயில் மூன்று மில்லிமீற்றர். பக்கத்தில் உள்ள தடை எவ்வளவு உயரமோ அதைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. கிழக்கு மூலைக்கு மாற்றினேன். முதல் கொப்பியின் மே முதல் செப்டெம்பர் வரையான பக்கங்களில் சிவப்புப் பேனையால் ‘குறைவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த எண்களை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

காகம் இன்னொரு பாடு. புனல் விளிம்பு அதற்கு நல்ல இருக்கை. எச்சம் புனல் துவாரத்தை அடைத்தால் மழை மேலேயே தேங்கி நிற்கும். விளிம்பைச் சுற்றி கேபிள் டைகளை வாலை வெட்டாமல் நிமிர்த்திக் கட்டினேன். அன்றோடு காகம் வந்து இருப்பதை நிறுத்திவிட்டது. அப்புறம் நுளம்பு. தேங்கிய தண்ணீருக்குப் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கே வரும் ஊர் இது, டெங்குப் பயம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. மழை இல்லாத நாளிலும் குழாயைக் கழற்றிக் கவிழ்த்து உதறிவிட்டுத்தான் ‘0’ எழுதுவோம். அந்த ‘0’ முக்கியம். எழுதாமல் விட்ட நாள் மழை இல்லாத நாளா, மறந்த நாளா என்று ஆறு மாதம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

நேரம் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் எழும்பிய நேரத்துக்கு அளந்தேன்: ஒரு நாள் ஆறு மணி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரைதான் ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது. என் எண்ணை அதோடு ஒப்பிட வேண்டுமென்றால் நானும் 8.30க்கு அளக்க வேண்டும். அந்த நேரம் நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருப்பேன். அம்மா பொறுப்பேற்றார்.

இந்த ஏழு கொப்பியிலும் எனக்குப் பிடித்த பகுதி அம்மா எழுதியதுதான். நான் எண் மட்டும் எழுதுவேன். அம்மா எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பார். ‘சோளகம் பெயர்ந்திட்டுது.’ ‘கடல் இரைச்சல் குசினி வரைக்கும் கேட்டுது.’ ‘வாடை, போர்வை தேடினன்.’ சோளகம் என்றால் தென்மேற்குக் காற்று, வாடை வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும் மாரி. கொழும்பில் ஏப்ரலில் பின்னேர இடி, மேயில் சோளகத்தோடு மழை, ஒக்டோபர், நவம்பரில் மறுபடி என்று வருவது அவருக்கு ஆரம்பத்தில் கணக்குக்குள் அடங்கவில்லை. இப்போது காற்றின் திசையை என்னைவிட நன்றாகச் சொல்கிறார். ஜனவரி விடியற்காலையில் 22 பாகை வரை இறங்கும் நாட்களைக் கொப்பியில் தேடினால், அநேகமாக அந்த வரியில் ‘வாடை’ என்று இருக்கும்.

திணைக்களத்தின் கொழும்பு நிலையம் பௌத்தாலோக மாவத்தையில், எங்களுக்கு வடக்கே. இரத்மலானை நிலையம் தெற்கே. நாங்கள் நடுவில். அங்கே கொட்டி, இங்கே தெருப் புழுதிகூட நனையாத நாட்கள் ஏப்ரலில் எத்தனையோ. ‘கொழும்பில் இன்று கடும் மழை’ என்ற செய்தியைப் பார்த்தால் எந்தக் கொழும்பு என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவது கொப்பியில்தான் உருப்படியான மாற்றம் ஒன்று செய்தேன்: மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம் என்று இரண்டு நிரல். அதுவரை எங்கள் ஒழுங்கையில் எப்போது தண்ணீர் ஏறும் என்பதற்கும் நாள் மழைக்கும் எனக்குத் தொடர்பே பிடிபடவில்லை. இரவு முழுக்க 80 மில்லிமீற்றர் பெய்த நாள் காலையில் செருப்போடு நடந்து போனோம். இன்னொரு நாள் 46 மில்லிமீற்றர்தான். ஓட்டோவின் சைலன்சர் வரை தண்ணீர். நேரத்தைப் பார்த்தால் விளங்கியது. அந்த 46உம் ஐம்பது நிமிடத்துக்குள் விழுந்தது. ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். அவ்வளவு கூரையிலும் தாரிலும் விழுவதை வடிகான் அந்த நேரத்துக்குள் இழுக்க முடியாது. இப்போது அரை மணித்தியாலத்தில் குழாய் நிரம்பினால் கீழ்த் தளத்தில் உள்ளவர்களுக்கு அழைப்பு எடுக்கிறேன், காரை ஏற்றமான பக்கத்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.

2020 கடைசியில் ஒரு டிஜிற்றல் நிலையமும் வாங்கினேன். தானாக அளந்து இணையத்துக்கு அனுப்பும். திரை அழகு, வரைபடம் அழகு. உள்ளே மழையை அளக்கும் சின்ன வாளித் தட்டுக்குள் எறும்பு கூடு கட்டியது. கடற்காற்றில் திருகாணிகள் துருப்பிடித்து, பதினான்காம் மாதம் ஈரப்பதன் எப்போது பார்த்தாலும் 99 என்று நின்றது. விற்ற கடை உத்தரவாதக் காலத்தைப் பற்றிப் பேசவே மறுத்துவிட்டது. அந்தக் காசு போனது இன்னும் உறுத்துகிறது. பிறகு 2022. மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. ரவுட்டர் இல்லை, பற்றரி தேடியும் கிடைக்கவில்லை, இணையக் கணக்கில் நாட்கணக்காக வெற்றிடம். கொப்பியில் ஒரு நாள்கூடத் தவறவில்லை, மெழுகுதிரிச் சொட்டு விழுந்த பக்கம் இருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான்: முதலில் கையால் அளக்கும் மழைமானி, மற்றதெல்லாம் பிறகு.

வெப்பநிலையை நான் அவ்வளவு நம்புவதில்லை. வெப்பமானியைப் பல்கனிச் சுவரில் தொங்கவிட்டபோது பின்னேரம் 37, 38 என்று காட்டியது. அது சுவரின் சூடு. வெள்ளைப் பூச்சட்டித் தட்டுகளை இடைவெளி விட்டுக் கவிழ்த்து அடுக்கி, நடுவில் வெப்பமானியை வைத்ததும் 33க்கு வந்தது. ஆனாலும் கொங்கிரீட் மாடி மாடிதான். புல்தரைக்கு மேல் அளக்கும் திணைக்கள எண்ணோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது.

அமுக்கம் பார்க்கத் தொடங்கியவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அமுக்கம் இறங்கினால் மழை என்று படித்திருப்போம். இங்கே ஒவ்வொரு நாளும் காலை பத்து மணியளவில் ஏறி, பின்னேரம் நான்கு மணிக்கு ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கும், இரவும் அப்படியே. வெப்ப வலய நாடுகள் எல்லாவற்றிலும் இந்த அலை உண்டு. முதல் மாதம் ஒவ்வொரு பின்னேரமும் உடுப்புகளை உள்ளே எடுத்தேன். நேற்று இதே நேரத்தில் எவ்வளவு என்று ஒப்பிட்டால்தான் பொருள் இருக்கிறது.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் மத்தியானமும் மேலே போவேன். ஏப்ரல் 7 அல்லது 8, 12.12 அளவில் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே. மழைமானி கட்டிய கம்பத்தின் நிழல் சுருங்கிச் சுருங்கி அதன் அடிக்குள்ளேயே போய்விடும்.

2025 நவம்பர் கடைசியில் ‘டிட்வா’ புயல். எங்கள் குழாயில் மழை நன்றாகக் குறைந்த பிறகுதான் களனி ஆறு ஏறியது. சின்னம்மா வீடு கொலன்னாவையில். ‘பிள்ளை, உங்கட கொப்பியில மழை குறைஞ்சிட்டுதெண்டு சொன்னனீ, இஞ்ச வாசலுக்குத் தண்ணி வந்திட்டுது’ என்று அழைத்தார். நான் சொன்னது எண்ணளவில் சரி, அவருக்கு உதவாத சரி. களனியை ஏற்றுவது மலையில் பெய்யும் மழை. அது கித்துல்கலை, ஹங்வெல்லை வழியாக இறங்கி வரும்போது இங்கே வெயில்கூட அடிக்கலாம். சின்னம்மாவைக் கூட்டி வந்து பத்து நாள் எங்களோடு வைத்திருந்தோம். அன்று தொடக்கம், மழைக் காலத்தில் நீர்ப்பாசனத் திணைக்களம் ஹங்வெல்லை, நாகலகம் வீதி ஆகிய இரண்டு இடங்களில் அளந்து வெளியிடும் களனியின் நீர்மட்டங்களையும் எழுதுகிறோம். ஹங்வெல்லையை மீற்றரிலும் நாகலகம் வீதியை அடியிலும் தருகிறார்கள், நிரலை மாற்றி எழுதிவிடக் கூடாது.

மச்சாளிடம் இன்னொரு மழைமானி கேட்டிருந்தேன், வந்துவிட்டது. மே பிறப்பதற்கு முன் சின்னம்மா வீட்டு முற்றத்தில் நட வேண்டும். வேலியிலிருந்து தூரம் அளந்து இடம் குறித்தாயிற்று. கம்பத்துக்குக் குழி வெட்டுவதுதான் பாக்கி.