கடற்கரை ஊருக்கா, பட்டாக்காரருக்கா?

கடற்கரை எல்லாருக்கும் பொது என்று ஒரு கட்சி. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் மணலில் வேலி போட உரிமை இல்லையா என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டு கட்சியுமே தப்பான இடத்தில் நின்று சண்டை போடுகின்றன என்பது என் எண்ணம். மணல் யார் பேரில் இருக்கிறது என்பது பாதி விஷயம்தான். சாலையிலிருந்து அந்த மணலுக்குப் போகும் வழி யார் கையில் இருக்கிறது, கடல் உள்ளே வந்தால் யார் பின்வாங்குவது, மீதிப் பாதி இதில் இருக்கிறது.

முதலில் எல்லைக்கோடு. ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்துச் சட்டநூலிலேயே, கி.பி. 533-ல், காற்று, ஓடும் நீர், கடல், கடலோரம் இவை எல்லாருக்கும் பொது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்குப் பல நாடுகளில் ஈர மணல், அதாவது அலை நனைத்துப் போகும் பகுதி, அரசுடையதாக இருப்பதற்கு வேர் அங்கேதான். சரி, ஈர மணல் எங்கே முடிகிறது? அமெரிக்காவில் பெரும்பாலான கடலோர மாநிலங்களில் சராசரி உயர் அலைக் கோடுதான், அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் சராசரியாக வந்து தொடும் கோடுதான், எல்லை. சராசரி என்றால் ஒரு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ அல்ல, நிலாவின் 18.6 வருடச் சுழற்சி முழுவதற்கும் எடுக்கிற சராசரி. 1935-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட கணக்கு. மணலில் நின்று பார்த்தால் அப்படி ஒரு கோடு கண்ணுக்கே தெரியாது. துண்டை விரித்தவரும் சரி, எழுந்து போகச் சொல்கிற காவலாளியும் சரி, குத்துமதிப்பாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

தனியார் உரிமை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க மெய்ன், மாசசூசெட்ஸ் மாநிலங்களுக்குப் போக வேண்டும். 1640-களில் அங்கிருந்த காலனி அரசு, படகுத்துறை கட்ட ஆள் முன்வரட்டும் என்று தாழ் அலைக் கோடு வரைக்கும், கடல் வற்றும்போது தண்ணீர் நிற்கும் இடம் வரைக்கும், கரையோர நிலக்காரர்களுக்கே கொடுத்துவிட்டது. மீன்பிடிப்பு, பறவை வேட்டை, படகுப் போக்குவரத்து, இந்த மூன்றுக்கு மட்டும் மற்றவர்கள் வரலாம். 1989-ல் மூடி பீச் என்ற கடற்கரை பற்றிய வழக்கில் மெய்ன் உச்ச நீதிமன்றம், பொதுமக்களின் உரிமை அந்த மூன்றைச் சேர்ந்ததுதான், பொழுதுபோக்கு அதில் வராது என்று சொன்னது. ஆக, தூண்டிலோடு நின்றால் உரிமை, துண்டோடு படுத்தால் அத்துமீறல்! முன்னூற்றைம்பது வருடத்துக்கும் முன்னால் படகுத்துறைக்காகக் கொடுத்த சலுகை, படகுத்துறையே இல்லாத இடத்தில் வேலியாக நிற்கிறது.

அதற்காகத் தனியார் பக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. விடுமுறை நாளில் ஒரு பொதுக் கடற்கரை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். குப்பை அள்ளவும், உயிர்காப்பாளர்களை வைக்கவும், கழிப்பறை கழுவவும் பணம் வேண்டும். அதை வருகிறவர்கள் தருவதில்லை, அந்த ஊர்க்காரர்கள்தான் வரியாகக் கட்டுகிறார்கள். மணல்மேட்டில் பலர் ஒரே தடத்தில் ஏறி இறங்கினால் செடி செத்துவிடும், செடி போனால் மேடு நிற்காது. ஆள் நடமாட்டம் குறைந்த கரையில் ஆமையும் பறவையும் நிம்மதியாக முட்டையிடும் என்பதும் உண்மை. ஆனால் இதெல்லாம் பராமரிப்புக்கான வாதம், உரிமைக்கான வாதம் இல்லை. நியூஜெர்சியில் பல ஊர்களில் கடற்கரைக்குள் நுழைய பேட்ஜ் விற்று அந்தக் காசில்தான் கரையைப் பார்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் எரிச்சல்தான், ஆனாலும் கதவு திறந்தே இருக்கிறதே.

எதிர்த் திசையில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம். அங்கே 1913-லேயே ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் ஈர மணலைப் பொது நெடுஞ்சாலை என்று சட்டமாக்கிவிட்டார், கேட்டவர்கள் மறுபேச்சு பேச முடியாத தந்திரம். உலர் மணலை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. 1966-ல் கேனன் பீச்சில் ஒரு மோட்டல்காரர் உலர் மணலை வளைத்து, இது என் விருந்தினர்களுக்கு மட்டும் என்றார். ஊர் கொதித்துப்போனது. அடுத்த வருடமே ஆளுநர் டாம் மெக்கால் ஹெலிகாப்டரில் அளவைக்காரர்களோடு போய் இறங்கி, கோடு எங்கே வர வேண்டும் என்று மணலில் கழி நட்டுக் காட்டினார். 1967-ன் கடற்கரைச் சட்டம் செடிகள் தொடங்கும் இடம் வரைக்கும் மக்கள் வந்துபோகும் உரிமையைக் காப்பாற்றியது. இதில் கவனிக்க வேண்டியது, உலர் மணலின் பட்டாவை யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. நிலம் உன்னுடையது, ஆனால் மறிக்காதே, அவ்வளவுதான். 1969-ல் நீதிமன்றமும், மக்கள் காலங்காலமாகப் புழங்கிய இடம் இது, அந்த வழக்கமே உரிமை என்று ஒப்புக்கொண்டது.

ஆனால் மணல் பொதுவாக இருந்தால் மட்டும் போதுமா? கலிபோர்னியாவைப் பாருங்கள். ஈர மணல் மக்களுடையது, 1976-லிருந்து வலுவான கடலோரச் சட்டமும் இருக்கிறது. இருந்தும் மாலிபு என்ற கடலோர ஊரில் வரிசையாக வீடுகள், நடுவில் சந்தே கிடையாது. காரை நிறுத்தினால் வழக்கு வரும் என்று பயமுறுத்தும் போலிப் பலகைகள், கராஜே இல்லாத சுவரில் பொய்க் கராஜ் கதவு, இப்படியெல்லாம் செய்து ஆட்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கார்பன் பீச்சில் ஒரு பெரும் பணக்காரர் வீட்டோரமாக வழி விடுவதாக 1983-ல் ஒப்புக்கொண்டார், கேட் திறந்தது 2005-ல். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே மார்ட்டின்ஸ் பீச்சில் இன்னும் சுலபம். இரண்டு பக்கமும் பாறை முகடு, நடுவில் ஒரே சாலை. முன்பிருந்த உரிமையாளர்கள் காசு வாங்கிக்கொண்டு கார்களை விட்டுக்கொண்டிருந்தார்கள். 2008-ல் நிலத்தை வாங்கிய கோடீஸ்வரர் பிற்பாடு கேட்டைச் சாத்தினார். தண்ணீரோர மணல் அவருடையது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை, நீந்தி வந்தால் தாராளமாக வரலாம். வழக்கு வருடக்கணக்கில் இழுத்து 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டை எடுக்கவே மறுத்தது.

இந்த வித்தையைத் தனியார் மட்டும் செய்வதில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் கிரீனிச் என்ற பணக்கார ஊர், தன் பொதுக் கடற்கரைப் பூங்காவை ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தது. ஓடுபயிற்சிக்கு வந்து திருப்பி அனுப்பப்பட்ட சட்ட மாணவர் ஒருவர் வழக்குப் போட்டு 2001-ல் ஜெயித்தார். அதாவது, ‘பொது’ என்று பலகை மாட்டியிருக்கும் கரையிலும் யாருக்குப் பொது என்று கேட்டுவிடுவது நல்லது.

நடுவழி ஒன்று உண்டு: நிலம் அரசுடையது, குத்தகை தனியாருக்கு. இத்தாலியில் குடையும் சாய்வு நாற்காலியும் வரிசை கட்டி நிற்பது இப்படித்தான், குத்தகை பல இடங்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்திடம். கிரீஸில் இது எல்லை மீறிப்போய் 2023-ல் பாரோஸ் தீவு மக்கள் வெறும் துண்டோடு கரையில் திரண்டார்கள். அடுத்த வருடம் விதிகள் இறுகின. பிரான்ஸ் கொஞ்சம் புத்திசாலித்தனமாக, இயற்கைக் கடற்கரைகளில் 80 விழுக்காட்டைக் காலியாக விட வேண்டும் என்று வைத்திருக்கிறது. அதோடு 1976-லிருந்து கரையோரத் தனியார் நிலத்தில் 3 மீட்டர் அகலத்துக்கு நடப்பவர்களுக்கு வழி விட வேண்டும். என்னைக் கேட்டால் அந்த 3 மீட்டர் எத்தனையோ பெரிய சட்டங்களைவிட உபயோகமானது.

இனி பெரிய சிக்கல், கரை ஒரே இடத்தில் நிற்பதில்லை. கடல் மட்டம் ஏறும்போது மணல் தானாக உள்பக்கம் நகரும், நகர விட்டால். பின்னால் வீடு இருக்கிறது, வீட்டைக் காக்கச் சுவர் எழுப்புகிறார்கள், அல்லது பாறாங்கல் கொட்டுகிறார்கள். முன்னாலிருந்து கடல் தின்கிறது, பின்னால் போக இடமில்லை, நடுவில் மணல் மெலிந்துகொண்டே வந்து ஒருநாள் அலை நேராகச் சுவரில் மோதும். யாரும் அபகரிக்கவில்லை, பட்டா மாறவில்லை, ஆனால் பொதுக் கடற்கரை காணாமல் போய்விட்டது! ஹவாயில் இன்னொரு விதம். அங்கே அலை ஏறும் உச்சிதான் பொதுமணலின் எல்லை, அதைச் செடி வளரும் கோட்டையோ ஒதுங்கிக் கிடக்கும் குப்பைக் கோட்டையோ வைத்து அடையாளம் காண்பார்கள். சில வீட்டுக்காரர்கள் கடல் பக்கமாகச் செடி நட்டுத் தண்ணீரும் விட்டு வளர்த்தார்கள், செடி முன்னேற முன்னேறப் பொதுமணல் சுருங்கியது. 2006-ல் மாநில உச்ச நீதிமன்றம், நட்டு வளர்த்த செடியைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது.

டெக்சஸ் 1959-லேயே செடிக்கோடு வரை பொது என்று சட்டம் போட்ட மாநிலம், கோடு நகர்ந்தால் உரிமையும் கூடவே நகரும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தது. 2005-ல் ரீட்டா புயல் கால்வெஸ்டன் தீவில் கோட்டை ஒரே அடியில் உள்ளே தள்ளியது. புயலால் திடீரென்று நகர்ந்தால் பொது உரிமை கூடவே வராது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2012-லும் அதையே உறுதி செய்தது. அரசும் சும்மா இருக்கவில்லை, பொதுப்பணத்தில் அங்கே மணல் கொட்டும் திட்டத்தைக் கைவிட்டது. அது நியாயம்தான். உன் கரை உன்னுடையது என்றால் உன் மணலும் உன் செலவு.

ஆகவே என் ஓட்டு ஒரிகன் முறைக்கு, பிரான்ஸின் நடைவழியையும் சேர்த்து. பட்டா யார் பேரிலாவது இருந்துவிட்டுப் போகட்டும். செடிக்கோடு வரை வந்துபோகும் உரிமையும், சாலையிலிருந்து ஒரு வழியும் பத்திரத்தில் பதிவாக வேண்டும், புதிதாகச் சுவர் எழுப்ப அனுமதி கூடாது. ஏற்கெனவே முழுசாகத் தனியார் கையில் இருக்கிற இடத்தில் விலைக்கு வாங்குவது ஒன்றே சண்டையில்லாத வழி. 2016-ல் நியூசிலாந்தின் அவாரோவா கடற்கரை விற்பனைக்கு வந்தபோது கிட்டத்தட்ட 40,000 பேர் இணையத்தில் பணம் போட்டு, 20 லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல் திரட்டி வாங்கி, ஏபல் டாஸ்மன் தேசியப் பூங்காவோடு சேர்த்துவிட்டார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு கரைக்கும் இப்படி உண்டியல் குலுக்க முடியாது. வழியைப் பதிவு செய்வதற்கு அவ்வளவு செலவில்லை, அதுவும் மனை விற்பதற்கு முன்னால் செய்தால்.