முண்டாவுன்: பென்சில் கோட்டுக்குள்ள இருக்குற பயம்

நேத்து ராத்திரி ரெண்டாவது தடவையா முண்டாவுன்ங்கிற பேய்க் கதை வீடியோ கேம முடிச்சேன். முதல் தடவைய விட இப்பதான் அதிகமா பயந்தேன், அதுல நம்மள தாக்க வர்ற அந்த வைக்கோல் ஆளுங்க எங்க நிப்பாங்கன்னு நல்லாத் தெரியும், தெரிஞ்சும் அந்த வயல் பக்கம் திரும்ப மனசே வரல.

2021 மார்ச்ல வந்த கேம் இது. சுவிட்சர்லாந்துல ஆல்ப்ஸ் மலைக்குள்ள நடக்குற கதை. கர்டின்னு ஒரு பையன், அவன் தாத்தா கொட்டகை தீப்பிடிச்சு செத்துட்டாருன்னு ஊர் பாதிரியார் லெட்டர் போடுறாரு, அடக்கம்லாம் முடிஞ்சிருச்சு நீ வர வேணாம்னும் சேர்த்து எழுதுறாரு. அப்படி எழுதுனா யாருக்குத்தான் சந்தேகம் வராது, பஸ் ஏறி வந்துடுறான். எரிஞ்ச கொட்டகைக்குள்ள போனதுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு நான் சொல்ல மாட்டேன். பிசாசு கூட பேரம் பேசுன பழைய மலைக் கதைங்கதான் இதுக்கு வேர், அது மட்டும் தெரிஞ்சா போதும்.

முதல்ல கண்ணுல படுறது கிராஃபிக்ஸ். மிஷேல் சீக்ளர்னு ஒருத்தர் பெரும்பாலும் தனியாளா பல வருஷம் உட்கார்ந்து செஞ்சது, சுவரு, மரம், மூஞ்சி எல்லாத்தையும் பேப்பர்ல பென்சிலால வரைஞ்சு ஸ்கேன் பண்ணி 3டி மாடல் மேல ஒட்டிருக்காரு. கலர் கிடையாது, பழைய ஃபோட்டோ மாதிரி ஒரு பழுப்பு மட்டும்தான். ஒரு கிழவர் மூஞ்சிகிட்ட போய் நின்னு பாருங்க, கன்னத்துல பென்சில் அழுத்துன கோடு கோடா தெரியும், சுருக்கம் எது கோடு எதுன்னே பிரிக்க முடியாது. இருட்டுலயும் அதே கோடுங்கதான், அதனால தூரத்துல நிக்கிறது புதரா ஆளான்னு கிட்ட போற வரைக்கும் தெரியாது. எனக்குப் பயமே அங்கதான் வந்துச்சு, திடீர்னு மூஞ்சில வந்து கத்துற வேலைய இந்த கேம் பெருசா நம்பியிருக்கல.

கர்டினுக்குப் பயம் வந்துட்டா கால் எடுத்து வைக்கவே முடியாம நடை தளந்துடும். அதைத் தாங்குற சக்திய ஏத்த காபி போட்டுக் குடிக்கணும், சும்மா பட்டன் அமுக்குனா வராது, அடுப்புல விறகு வச்சு, தீக்குச்சி கிழிச்சு, பாத்திரத்துல தண்ணி பிடிச்சு, பொடி போட்டு கொதிக்கிற வரைக்கும் நிக்கணும். அந்த ரெண்டு நிமிஷம் வெளிய காத்து ஊளையிடுறத கேட்டுக்கிட்டே நின்னப்ப அது என் வீடு மாதிரியே ஆயிடுச்சு, கதவத் திறக்கணுமேன்னு இருந்துச்சு.

அப்புறம் பேச்சு. எல்லாரும் பேசுறது ரொமான்ஷ், 1938ல இருந்து சுவிட்சர்லாந்தோட நாலு தேசிய மொழில ஒண்ணு, ஆனா பேசுறவங்க ரொம்பக் கம்மி. இங்கிலீஷ்ல பேச வச்சிருந்தா இன்னும் நிறைய பேர் ஈசியா விளையாடியிருப்பாங்க, அத செய்யாம சப்டைட்டில் போட்டு அந்த மண்ணோட பேச்சுலயே விட்டது எனக்கு அவ்ளோ பிடிச்சுது. பாதிரியார் பேசுறப்ப அர்த்தம் புரியறதுக்கு முன்னாடியே குரல்லயே ஏதோ மறைக்கிறாருன்னு தெரிஞ்சிடும்.

சண்டை மட்டும் சுமார்தான். கவைக்கோல வச்சு நாலு குத்து குத்துறதுக்குள்ள உடைஞ்சுடுது. வைக்கோல் அள்ளுற ஒரு வண்டி ஓட்டலாம், வளைவுல ரொம்பப் படுத்தும், ஆனா அந்த இஞ்சின் சத்தம் கேட்டாலே கொஞ்சம் தைரியம் வரும். அடுத்து எங்க போகணும்னு அம்புக்குறி எதுவும் காட்டாது, கர்டினோட நோட்டுல இருக்குற படத்தப் பார்த்து நீங்களேதான் கண்டுபிடிக்கணும், பொறுமை இல்லாதவங்களுக்கு இது கஷ்டம்.

ஏழெட்டு மணி நேரத்துல முடிஞ்சிடும், முடிவு ஒண்ணுக்கு மேல இருக்கு. ஹெட்ஃபோன் இல்லாம ஆரம்பிக்காதீங்க. தீக்குச்சிய கண்டபடி கிழிச்சுத் தீர்த்துடாதீங்க, வைக்கோல் ஆளு தீயிலதான் எரிவான்.