நாற்காலியை மாற்றுவதா, கணக்கை அழிப்பதா?

பதவிக்கால வரம்பு குறுக்கே வந்தபோது ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின் இரண்டு வழிகளைக் கையாண்டார். 2008-இல் திமித்ரி மெத்வெதேவை அதிபராக்கிவிட்டுத் தான் பிரதமரானார். தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் அதிபராகக் கூடாது என்ற விதியைத் தொடவே இல்லை. ஆனால் 2011 செப்டம்பரில் இருவரும் மீண்டும் இடம் மாறப்போவதாக அறிவித்தது பலரை எரிச்சலூட்டியது. டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் முறைகேடு என்ற புகாரும் சேர, மாஸ்கோவின் பலோட்னயா சதுக்கத்தில் கூட்டம் திரண்டது.

2020-இல் இந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்றாகிவிட்டது. முதல் விண்வெளி வீராங்கனை வலந்தீனா தெரெஷ்கோவா நாடாளுமன்றத்தில் எழுந்து, அரசியலமைப்பைத் திருத்தும்போது புதினின் பழைய பதவிக்காலங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார். (திட்டமிடாமல் நடந்தது என்று நம்புவது கடினம்!) திருத்தத்துக்கு மக்கள் வாக்கெடுப்பும் முடிந்தது, அவர் 2036 வரை அதிபராக இருக்க வழி திறந்தது.

புதினுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு. ஆனால் அடுத்தவர் யார் என்ற கேள்விக்கு அதில் பதிலே இல்லை. மெத்வெதேவ் காலத்தில் கைகாட்ட ஒரு முகமாவது இருந்தது. இப்போது அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்கிறது. முன்பே, 2015 மார்ச்சில் புதின் பத்து நாள் போல வெளியே தென்படாததற்கே நோய், ஆட்சிக்கவிழ்ப்பு என்று ஏதேதோ கிளம்பின. திரும்பி வந்தவர், வதந்தி இல்லாவிட்டால் சலிப்பாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டார். சரி, நிஜமாகவே அதிபரால் செயல்பட முடியாமல் போனால்? அரசியலமைப்புப்படி பிரதமர் தற்காலிகமாகப் பொறுப்பேற்பார்; மூன்று மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும்.