பாதியை வருமானமாகக் காட்டுவதா, செலவுக் கணக்கு எழுதுவதா?

நிறுவனங்களுக்குத் தனியாக மென்பொருள் எழுதித் தரும் ஒருவர் வருமான வரியை மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு. வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவின்படி ஆண்டு வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். அல்லது ரசீதுகளைச் சேர்த்துக் கணக்கு எழுதி, செலவு போக மிஞ்சியதைக் காட்டலாம்.

2025-26 நிதியாண்டில் வரவு 24 லட்சம் ரூபாய், அலுவலக வாடகை, இணையக் கட்டணம், மடிக்கணினியின் தேய்மானம் எல்லாம் சேர்த்துச் செலவு 6 லட்சம் என்று கொள்வோம். கணக்கு எழுதினால் வருமானம் 18 லட்சம். புதிய வரி முறையில் செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) உட்பட 1,66,400 ரூபாய் கட்ட வேண்டும். பாதி வழியில் வருமானம் 12 லட்சமாக நிற்பதால், அந்த அளவுவரையிலான வருமானத்துக்கு வரியை நீக்கும் 87ஏ பிரிவின் தள்ளுபடியில் வரியே இல்லை.

ஆனாலும் இந்த வழியின் பெரிய நன்மை தேதியில்தான் இருக்கிறது என்பேன். கணக்கு எழுதுபவர் முன்கூட்டிய வரியில், அதாவது நிதியாண்டு முடியும் முன்பே கட்ட வேண்டிய வரியில், ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும் கட்டியிருக்க வேண்டும். டிசம்பரில் எந்த வேலை வரும் என்று ஜூனிலேயே கணிக்க, மாதச் சம்பளம் இல்லாதவரால் எப்படி முடியும்? பாதி வழிக்கு மார்ச் 15 என்ற ஒரே தேதிதான். அதற்குள் ஆண்டு வரவில் பெரும்பகுதி பாஸ்புக்கில் ஏறியிருக்கும்.

கையில் இருக்கும் பணம் அதற்குள் செலவாகிவிடும் என்பதே இதிலுள்ள ஆபத்து. 30 லட்சம் வரவுக்கு இந்த வழியில் வரி 1,09,200 ரூபாய். ஆகவே ஒவ்வொரு லட்சம் வரும்போதும் 4,000 ரூபாயை வேறொரு சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்தால், மார்ச்சில் கடன் வாங்க வேண்டியதில்லை.

தச்சர் கூலியும் பலகை விலையும் தானே கொடுக்கும் உள் அலங்கார வடிவமைப்பாளருக்கு நிலைமை வேறு. 40 லட்சம் வரவில் 28 லட்சம் உண்மையிலேயே செலவானால், மிஞ்சும் 12 லட்சத்துக்கு வரி இல்லை; பாதி வழியோ அவருக்கு 2,08,000 ரூபாய் வரியைச் சுமத்தும். அவர் கணக்கு எழுதி, ஆடிட்டரிடம் தணிக்கையும் செய்துகொள்வதே சரி. தணிக்கைக் கட்டணம் போனாலும் அவருக்கு லாபமே.

எந்த வழியானாலும் டிடிஎஸ் பிடித்தத்தை (பணம் தரும் நிறுவனமே பிடித்து அரசுக்குக் கட்டும் வரியை) கழித்த பிறகு வரி 10,000 ரூபாயை எட்டினால்தான் முன்கூட்டிய வரி உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரையிலான பிடித்தம், நிறுவனம் மே மாதத்தில் விவரம் தாக்கல் செய்த பிறகே உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஏறும் என்பதால், ஒவ்வொரு பில்லிலும் பிடிக்கப்பட்ட தொகையை அன்றன்றே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.