இத்தாலியில் கிராமத்து வீடு வாங்க நினைப்பவர்களுக்கு: எங்கள் குளியலறைக் கதை

ஸ்ருட்கார்ட்டில் இருந்து ஒரு பகல் கார் ஓட்டத்தில் போய்விடலாம் என்றுதான் வட தொஸ்கானாவில் லுனிஜானாப் பக்கம் வீடு தேடினோம். செஸ்நட் காடு, கல்வீடுகள், இளம் ஆட்கள் வேலை தேடிப் போனதால் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கிற ஊர்கள். 2021 ஒக்டோபரில் ஒரு வீடு பிடித்துப் போனது. 52,000 யூரோ. இரண்டு படுக்கையறை, குளியலறை, பின்னால் ஒரு துண்டுத் தோட்டக் காணி என்று விளம்பரம்.

இரண்டாம் தரம் பார்க்கப் போன அன்று பின்னேரம் தரகர் ஒரு கடுதாசியை நீட்டினார். "ப்ரொபோஸ்தா". வீட்டை எங்களுக்காக மறித்து வைக்கிற கடுதாசி, அவ்வளவுதான் என்றார். கையெழுத்து வைத்து 5,000 யூரோ அனுப்பினோம். வீட்டுக்காரர் அதை ஏற்றுக்கொண்டதாக எங்களுக்கு அறிவித்த நிமிடமே அது ஒப்பந்தம் ஆகிவிட்டது என்பது பிறகுதான் விளங்கியது. நாங்கள் பின்வாங்கினால் அந்தக் காசு போச்சு. அவர்கள் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தரவேண்டும். தரகர் கூலியும் அன்றைக்கே கேட்டார்கள்: 3,000, அதற்கு மேல் 22 வீத வரி, மொத்தம் 3,660. உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் முகத்தைக்கூட நாங்கள் அப்போது பார்த்திருக்கவில்லை.

காணி, கட்டடம் அளந்து பத்திரம் சரிபார்க்கிறவரை அங்கே "ஜெயோமெத்ரா" என்பார்கள். தரகரே ஒருவரைப் பிடித்துத் தந்தார். 600 யூரோ வாங்கிக்கொண்டு ஒரு பக்க அறிக்கை தந்தார்: "கதாஸ்தோ" வரைபடமும் வீடும் ஒத்துப்போகின்றன. "துத்தோ அ பொஸ்தோ", எல்லாம் ஓகே. வரைபடத்தில் குளியலறை இருந்தது, நாங்களே கண்ணால் பார்த்தோம்.

பொறி அங்கேதான். கதாஸ்தோ என்பது வரிக்கான பதிவு. எங்கள் ஊர் ஆட்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னால், கையில் சோலைவரி (வீட்டு வரி) கட்டிய துண்டு இருந்தால் கட்டடத்துக்கு அனுமதி எடுத்தாயிற்று என்று ஆகுமா? அனுமதிக் கோப்பு கிடப்பது கொமூனே, அதாவது ஊராட்சியின் தொழில்நுட்பப் பிரிவில். அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. நொத்தாரிசு உரிமை, அடமானம் எல்லாம் பார்ப்பார்; கட்டட அனுமதி விஷயத்தில் விற்பவர் சொல்வதை உறுதியில் எழுதுவாரே தவிர, வீட்டுக்கு வந்து சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார்.

2022 பெப்ரவரியில் உறுதி முடிந்தது. கோடையில் கூரை மாற்ற அனுமதி கேட்கப் போனபோது, நாங்களே தேடிப் பிடித்த வேறொரு ஜெயோமெத்ரா கொமூனேயில் கோப்பை எடுத்தார். 1974ஆம் ஆண்டு வரைபடம் ஒன்று. அதில் குளியலறையே இல்லை. கீழ் "படுக்கையறை" அதில் பொருட்கள் வைக்கும் நிலவறை. அதன் உயரம் 2.15 மீற்றர். ஆட்கள் வசிக்கிற அறைக்கு அப்போதைய விதிப்படி 2.70 வேண்டும்.

இதில் சிரிப்பான பகுதி பக்கத்து வீட்டு அம்மா. நாங்கள் குடிவந்த கிழமையே தெஸ்தாரோலி கொண்டுவந்து தந்தவர். (தோசைக்குத் தூரத்துச் சொந்தம். சுட்டு, வெட்டி, சுடுநீரில் போட்டு எடுத்து பெஸ்தோ என்கிற பச்சைச் சாந்து பூசிச் சாப்பிடுவார்கள்.) விஷயத்தைச் சொன்னதும், "அந்தக் குளியலறைக்கு என் மனிசன்தானே சீமெந்து குழைத்தவர், ஒரு கடுதாசியும் எடுக்கவில்லை" என்றார். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். நாங்கள்தான் கேட்கவில்லை.

தரகரிடம் போனோம். "அறிக்கையில் கதாஸ்தோ என்றுதானே எழுதியிருக்கிறது" என்றார். உண்மைதான், அப்படித்தான் எழுதியிருந்தது. சட்டத்தரணி வழக்குப் போடலாம், ஆனால் வருடக்கணக்கில் இழுபடும் என்றார். விட்டுவிட்டோம். குளியலறையைச் சட்டப்படி ஆக்க, வரைபடம், அபராதம், கூலி என்று 6,800 யூரோ. அது முடியும்வரை கூரை வேலை நின்றது. இரண்டு மாரி மழையும் உள்ளே.

இன்னொன்றிலும் மாட்டியிருப்போம். இது விடுமுறை வீடு என்று தெரிந்தும், "முதல் வீடு" என்று எழுதினால் பதிவு வரி 9 வீதத்துக்குப் பதில் 2 வீதம்தான் என்று தரகர் ஆலோசனை சொன்னார். அப்படி எழுதினால் 18 மாதத்துக்குள் வதிவிடத்தை அந்தக் கொமூனேக்கு மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் மிச்ச வரியும், அதன்மேல் 30 வீத அபராதமும், வட்டியும். 2 வீதம் என்றாலும் பதிவு வரி எப்படியும் 1,000 யூரோவுக்குக் குறையாது என்பதால், இப்படியான மலிவு வீட்டில் மிஞ்சுவதும் பெரிதாக இல்லை. மனைவி அன்றைக்கே மாட்டேன் என்றுவிட்டார்.

தோட்டக் காணி சேர்ந்து வந்தால், எல்லைக்கு அந்தப்பக்கம் காணி வைத்துத் தானே விவசாயம் செய்கிறவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். வாங்குவதில் அவருக்குத்தான் முன்னுரிமை. அவருக்கு முறைப்படி அறிவிக்காமல் விற்றால், உறுதி பதிந்து ஒரு வருடத்துக்குள் அதே விலையைக் கொடுத்துக் காணியை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ப்ரொபோஸ்தாவில் கையெழுத்து வைக்கத்தான் வேண்டுமென்றால், "கொமூனேக் கோப்பும் கட்டடமும் ஒத்துப்போனால் மட்டுமே செல்லும்" என்று ஒரு வரி எழுதுவித்துவிட்டு வையுங்கள். ஜெயோமெத்ராவைத் தரகர் கைகாட்டினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பிடியுங்கள்.

கீழறை நிலவறையாகவே இருக்கிறது. ஓகஸ்டில் அம்மா வந்தால் மேலே கட்டிலில் அவர், கீழே பாய் போட்டு நாங்கள்.