கடற்கரை வீட்டுக்கு எந்த சிமெண்ட்: ஓபிசியா, பிபிசியா, ஸ்லாகா?

குமரி மாவட்டக் கடலோரத்தில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் போனால் பழைய வீடுகளின் சன்ஷேடை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கம்பி போகும் கோட்டிலேயே நீளமாக ஒரு வெடிப்பு, ஓரத்தில் செம்பழுப்புக் கறை. பெயர்ந்த இடத்தில் கம்பி செதில் செதிலாக உரிந்திருக்கும். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டுவிட்டது. நம் கடலோரத்தில் சிமெண்டை உரசிப் பார்க்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

ஓபிசி என்பது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட். பிபிசி நிலக்கரிச் சாம்பல் கலந்தது, ஸ்லாக் சிமெண்ட் இரும்புக் கசடு கலந்தது. 53 கிரேடு ஓபிசியின் சிறப்பு, சீக்கிரம் பலம் ஏறுவது. தர நிர்ணயப்படி 3 நாளில் குறைந்தது 27 மெகாபாஸ்கல் (பலத்தை அளக்கும் அலகு), 28 நாளில் 53. ஸ்லாக், பிபிசி இரண்டுக்கும் அது 16, 33 தான். இந்த எண்களைக் காட்டி "53 போடுங்க, பயமே வேண்டாம்" என்று சொல்பவர்கள் நிறைய. ஆனால் ஓபிசி இறுகும்போது உள்ளே சுண்ணாம்பு மிஞ்சுகிறது. அது பலம் தராது. நுண்துளைகள் வழியே உப்பு மெல்ல இறங்கும்.

ஸ்லாக் என்பது இரும்பு உருக்கும் ஊதுலையின் கசடு. தண்ணீர் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து, மாவாக அரைத்துச் சிமெண்டில் சேர்க்கிறார்கள், ஐ.எஸ். 455 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி 25 முதல் 70 சதவீதம் வரை. மிஞ்சும் சுண்ணாம்போடு இது வினைபுரிந்து மேலும் பசையாகி, துளைகளை அடைக்கிறது. உப்பின் ஒரு பகுதியைப் பிடித்தும் வைத்துக்கொள்கிறது. சூடும் குறைவு என்பதால் கனமான அஸ்திவாரத்தில் வெடிப்பு குறையும். பாதியளவாவது ஸ்லாக் இருந்தால் கடலோரத்துக்கு நல்லது. சோதனைச் சான்றிதழைக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

பிபிசியில் நிலக்கரிச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம். வேலை ஏறக்குறைய இதேதான். மார்த்தாண்டம், குலசேகரம் மாதிரி உள்பகுதிகளுக்கு அது தாராளமாகப் போதும். ஸ்லாக்கைத் தேடி அலைய வேண்டாம். கடல்காற்று நேராக அடிக்கும் வீட்டுக்கு மட்டும் நான் ஸ்லாக்கையே சொல்வேன்.

ஆனால் ஸ்லாக்குக்கு நனைப்பு விஷயத்தில் பொறுமை வேண்டும். ஓபிசிக்கு 7 நாள் போதும். ஸ்லாக்குக்கும் பிபிசிக்கும் குறைந்தது 10 நாள். அதையும் 14 நாளாக நீட்டிப்பது நல்லது என்கிறது கான்கிரீட்டுக்கான தர நிர்ணயம் ஐ.எஸ். 456. மழைக்காலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு மழைக்கு நடுவே அடிக்கும் காற்று மேல்தளத்தை உலர்த்திவிடும். சென்ட்ரிங் பலகை வாடகை ஏறுகிறதென்று ஓபிசி கணக்கில் முட்டுக்கால்களைக் கழற்றவும் கூடாது. சரியாக நனைக்காத ஸ்லாக் கான்கிரீட்டை விட நன்றாக நனைத்த ஓபிசியே மேல்.

பலகை கழற்றியதும் கான்கிரீட் லேசாக நீலப்பச்சை அடித்தால் பயப்பட வேண்டாம். ஸ்லாக்கின் இயல்பு அது; காற்றுப் பட்டால் வெளுத்துவிடும்.

அப்புறம், உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டாலோ, கழுவாத கடல் மணலைச் சேர்த்தாலோ எந்த சிமெண்டும் காப்பாற்றாது. கடலோரத்துக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்), குறைந்தது எம் 30 கலவை (28 நாளில் 30 மெகாபாஸ்கல் பலம் தருவது). இதில் கொத்தனாரோடு சண்டை போட்டாலும் தப்பில்லை.

தூண், பீம், மேல்தளம், சன்ஷேடு எல்லாம் ஸ்லாக்கில் போடுங்கள். செங்கல் கட்டுக்கும் பூச்சுக்கும் பிபிசியே போதும்.